பக்கவாட்டில் வரும் பாரம்: சித்தன்னவாசல் வட்டாரக் கற்கட்டுமானமும் நிலநடுக்க வடிவமைப்பின் வரலாறும்

புதுக்கோட்டைக்கு வடமேற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில், அன்னவாசலை அடுத்துக் கிடக்கும் சித்தன்னவாசல் குன்று ஓவியங்களுக்காகவே பெரிதும் அறியப்பட்டது எனினும், கட்டுமான வரலாற்றைப் பயில்பவருக்கு அது வேறொரு வகையிலும் அரிய இடமாகும். மனிதர் தம் தலைக்கு மேல் கல்லை நிறுத்திய மூன்று முறைகளை அந்த ஒரே குன்றில் அடுத்தடுத்துக் காணலாம். கிழக்குச் சரிவில் உள்ள ஏழடிப்பட்டம் இயற்கையாக அமைந்த குகைத்தளம். அங்கே சமணத் துறவியர்க்காக வழுவழுப்பாகச் செதுக்கப்பட்ட 17 கற்படுக்கைகளும், கி.மு. காலத்தைச் சேர்ந்த தமிழ்-பிராமிக் கல்வெட்டும் உள்ளன. மேற்குச் சரிவில் உள்ள அறிவர் கோயில் பாறையைக் குடைந்து உருவாக்கப்பட்டது. அக்குடைவரைக்கு முன்னால் நிற்கும் தூண் மண்டபம், தனித்தனிக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து எழுப்பப்பட்ட கட்டுமானம்.

இந்த மூன்றாவது உறுப்பின் வரலாறு கவனத்துக்குரியது. கி.பி. 9ஆம் நூற்றாண்டில், அவனிபசேகரன் என்ற பட்டப்பெயர் கொண்ட பாண்டிய மன்னன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் குடைவரையின் அகமண்டபத்தைப் புதுப்பித்து, அதன் முன்னால் முகமண்டபம் ஒன்றையும் எடுப்பித்தார் என்று அங்குள்ள கல்வெட்டு தெரிவிக்கிறது. குடைந்த பகுதி இன்றும் அப்படியே நிற்க, கட்டிய முகமண்டபம் காலப்போக்கில் சிதைந்து போயிற்று. இன்று பார்வையாளர் காணும் முன்மண்டபத் தூண்கள், புதுக்கோட்டை சமஸ்தானத்தின் நிர்வாகியாக அலெக்சாண்டர் டாட்டன்ஹாம் இருந்த காலத்தில் குடுமியான்மலையிலிருந்து கொண்டுவந்து நிறுத்தப்பட்டவை. மலையின் உடலாக இருக்கும் கல்லுக்கும், மலையிலிருந்து பிரித்தெடுத்து மீண்டும் அடுக்கிய கல்லுக்கும் உள்ள வேறுபாடு அங்கே கண்முன் நிற்கிறது. நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டட வடிவமைப்பு என்னும் துறை முழுவதும் இந்த வேறுபாட்டைக் குறைப்பதற்கான முயற்சி என்றே கூறலாம். பிரிந்து கிடக்கும் உறுப்புகளை, குலுக்கலின்போது ஒரே உடலாக நடந்துகொள்ளச் செய்வதே அதன் வேலை.

சாதாரண நாட்களில் ஒரு கட்டடம் தாங்க வேண்டியது பெரும்பாலும் கீழ்நோக்கிய பாரத்தையே. கூரையின் எடை உத்திரத்துக்கும், உத்திரத்தின் எடை தூணுக்கும், தூணின் எடை அடித்தளம் வழியாக மண்ணுக்கும் இறங்குகிறது. நிலநடுக்கத்தின்போது தரை முன்னும் பின்னுமாக ஆட, கட்டடத்தின் அடிப்பகுதி தரையோடு நகர்கிறது. மேற்பகுதியோ தன் நிலைமத்தால், அதாவது இருந்த நிலையிலேயே இருக்க முயலும் பொருளின் இயல்பால், பின்தங்குகிறது. இந்தப் பின்தங்கலே கட்டடத்தின் மீது பக்கவாட்டு விசையாக விழுகிறது. எடை கூடக்கூட விசையும் கூடும். எடை உயரத்தில் இருந்தால் அதன் கவிழ்க்கும் ஆற்றல் இன்னும் கூடும். எனவே சாதாரண நாட்களில் ஒரு கட்டடத்துக்கு உறுதி தருவதாகத் தோன்றும் கனம், நில அதிர்வின்போது அதற்கு எதிராகவே திரும்பக்கூடும்.

குடைவரைக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை. குன்றிலிருந்து பிரிக்கப்படாத பாறை குன்றோடு சேர்ந்தே அசைகிறது; கூரைக்கும் சுவருக்கும் இடையே இணைப்பு என்று ஒன்று இல்லாததால், பிரிந்து விழுவதற்கும் ஒன்றும் இல்லை; கெட்டிப் பாறையில் அதிர்வும் வண்டல் மண்ணில் பெருகுவதைப் போலப் பெருகுவதில்லை. அறிவர் கோயிலின் முகப்பில் உள்ள இரண்டு தூண்களும் அவற்றின் இருபுறமும் உள்ள அரைத்தூண்களும், மேலும் கீழும் சதுரமாகவும் நடுவே எட்டுப் பட்டையாகவும் செதுக்கப்பட்டு, தலையில் போதிகையையும் அதன்மேல் உத்திரத்தையும் தாங்குவதுபோல் காட்சி தருகின்றன. உண்மையில் அந்தப் போதிகை எதையும் தாங்க வேண்டிய தேவை இல்லை. முழுப் பாறையில் மரக் கட்டடத்தின் உறுப்புகளை நினைவில் கொண்டு சிற்பிகள் செதுக்கிய வடிவமே அது. சித்தன்னவாசலின் மேற்கூரையில் தாமரைக் குளம் தீட்டப்பட்ட சுண்ணச் சாந்துப் பூச்சுக்குத்தான் விரிசல் உண்மையான அச்சம், பாறைக்கு அல்ல.

அதே போதிகை கட்டுமானக் கோயிலுக்கு வரும்போது உண்மையான வேலையைப் பெறுகிறது. தூணின் தலையில் குறுக்காக வைக்கப்படும் இந்தக் கல், உத்திரம் அமர்வதற்கான இடத்தை இருபுறமும் நீட்டித் தருகிறது. கருங்கல் அழுத்தத்தை நன்கு தாங்கும். ஆனால் வளைவில் ஏற்படும் இழுவிசையைத் தாங்கும் திறன் அதற்கு மிகக் குறைவு என்பதால், இரு தூண்களுக்கு இடையே உத்திரம் கடக்க வேண்டிய தூரத்தைப் போதிகை சுருக்குகிறது. கற்கட்டுமானத்தில் அதன் முதன்மைப் பயன் இதுவே. பக்கவாட்டு அசைவைப் பொறுத்தவரை அதற்கு இன்னொரு பயனும் கிடைத்துவிடுகிறது. தூண் ஆடும்போது உத்திரம் தன் இருக்கையிலிருந்து நழுவி விழுவதே கல் மண்டபங்களின் பெரிய ஆபத்து. இருக்கை நீளமாக இருந்தால் நழுவ வேண்டிய தூரமும் கூடுகிறது. இன்றைய பாலப் பொறியாளர்கள் தாங்குமேடையின் அகலத்துக்குக் குறைந்தபட்ச அளவு வகுப்பதும் இதே காரணத்தால்தான்.

சாந்து இல்லாமல் அடுக்கிய தூண் நிலநடுக்கத்தில் உடனே விழுந்துவிடும் என்று எண்ணுவதும் சரியன்று. 1960இல் சிலி நாட்டில் நேர்ந்த மாபெரும் நிலநடுக்கத்தில், உயர்ந்த தண்டின்மேல் அமைந்த சில நீர்த்தொட்டிகள், பார்வைக்கு உறுதியான பல கட்டடங்கள் சேதமுற்றபோதும், கவிழாமல் நின்றதைக் கண்ட அமெரிக்கப் பொறியியல் அறிஞர் ஜார்ஜ் ஹவுஸ்னர், தரையில் பிணைக்கப்படாத ஒரு கட்டை எப்படி ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குச் சாய்ந்து சாய்ந்து ஆடி மீண்டும் நிமிர்கிறது என்பதை 1963இல் கணிதமாக விளக்கினார். ஒரே விகிதத்தில் அமைந்த இரு தூண்களில் பெரியதே கவிழ்வதற்குக் கடினம் என்பது அந்த ஆய்வின் முக்கிய முடிவு. பருமனான கருங்கல் தூண்களைக் கொண்ட கோயில் மண்டபங்களுக்கு இது பெரிதும் பொருந்தும். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே உள்ள உராய்வு அதிர்வின் ஆற்றலில் ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது என்பதும் உண்மை.

ஆனால் இவற்றையெல்லாம் முன்னோர் நிலநடுக்கத்துக்காகவே திட்டமிட்டுச் செய்தனர் என்று கூறுவதற்குச் சான்று வேண்டும். இந்த வட்டாரத்துக் கல்வெட்டுகள் சுட்டும் பகை வேறு. சித்தன்னவாசலுக்கு அருகிலுள்ள நார்த்தாமலையில், மேலமலை என்னும் வெற்றுப் பாறையின்மீது நிற்கும் விஜயாலய சோழீச்சரத்தில் ஒரு கல்வெட்டு உள்ளது. முத்தரையர் குலத் தலைவர் எடுப்பித்த அந்தக் கற்றளி மழையால் இடிந்ததும், மல்லன் விடுமன் என்பவர் அதைப் புதுப்பித்ததும் அதில் பதிவாகியுள்ளன. வட்டமான கருவறையைச் சதுரமான வெளிச்சுவர் சூழ்ந்து நிற்கும் அந்தச் சிறு கோயில் தமிழகத்தின் மிக அழகிய தொடக்ககாலக் கற்றளிகளுள் ஒன்று. அதன் கல்வெட்டிலேயே இடிபாட்டின் பதிவு இருப்பது, அந்தக் காலத்துக் கட்டுநர்கள் எதை அஞ்சினர் என்பதற்கு நேரடிச் சான்று. மழை, இடி, வேர், அடித்தளத் தாழ்வு ஆகியவையே அவர்கள் அன்றாடம் எதிர்கொண்ட எதிரிகள்.

நூல் மரபும் இதையே காட்டுகிறது. வராகமிகிரரின் பிருகத் சம்கிதை நில அதிர்வுக்குத் தனி அத்தியாயம் ஒதுக்குகிறது. அங்கே அது நாட்டுக்கு வரப்போகும் நன்மை தீமைகளை உணர்த்தும் நிமித்தமாகப் பேசப்படுகிறதே ஒழிய, கட்டடம் தாங்க வேண்டிய பாரமாக அல்ல. தென்னாட்டில் வழங்கும் மயமதம் மரங்களைப் பொருத்தும் இணைப்பு வகைகளை விரிவாக விளக்குகிறது. உறுப்புகளைப் பிணைப்பது பற்றிய ஆழ்ந்த அறிவு நம் தச்சரிடம் இருந்தது என்பதில் ஐயமில்லை. அந்த அறிவு பக்கவாட்டு விசைக்கும் ஓரளவு பயன்பட்டது என்பதே நேர்மையான கூற்று.

கி.பி. 1010இல் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலைப் பற்றி உலவும் செய்திகளையும் இந்த அளவுகோலால் நோக்க வேண்டும். ஏறத்தாழ 30 மீட்டர் பக்கமுள்ள சதுர அடித்தளத்தின்மீது 60 மீட்டருக்கும் மேல் எழும் அதன் விமானம், மேலே செல்லச் செல்ல ஒடுங்குவதால் எடையின் பெரும்பகுதி தாழ்வாக நிற்கிறது. நான்கு பக்கமும் ஒத்த வடிவம் ஆதலால் குலுக்கலின்போது முறுக்கல் குறைவு. இன்றைய பொறியாளரும் இதே வடிவத்தையே விரும்புவார். ஆனால் அதைக் கொண்டு, அது எந்த நிலநடுக்கத்துக்கும் அசையாது என்று முழங்குவது இராசராசனின் சிற்பிகளுக்குப் பெருமை சேர்ப்பதாகாது. வலிமையான நிலநடுக்கம் எதுவும் அந்த இடத்தை இன்னும் சோதித்துப் பார்க்கவில்லை. நம் கண்முன் நிற்பவை எஞ்சியவை மட்டுமே என்பதையும் மறக்கலாகாது. கொடும்பாளூரில் இருக்குவேளிர் தலைவன் பூதி விக்கிரமகேசரி எடுப்பித்த மூவர் கோயிலில் இன்று நிற்பவை இரண்டே விமானங்கள்; மூன்றாவதற்கு அதிட்டானம், அதாவது அடித்தள வரிசை மட்டுமே மிஞ்சியது. ஆந்திரத்தின் காளத்தியில் கிருஷ்ணதேவராயர் கட்டிய இராஜகோபுரம், நிலநடுக்கம் ஏதுமின்றியே, முன்னரே விட்டிருந்த விரிசல்களின் வழியே பிளந்து 2010 மே மாதத்தில் சரிந்து விழுந்தது.

பெருங்குலுக்கல்கள் அரிதான தென்னாட்டில் நிலநடுக்கத்துக்கென்று தனிக் கட்டுமான மரபு வளராததில் வியப்பில்லை. 1900 பிப்ரவரி 8 அன்று கோயம்புத்தூர்ப் பகுதியில் ஏற்பட்ட, ஏறத்தாழ 6 அளவுடைய நிலநடுக்கமே அண்மைய நூற்றாண்டுகளில் தமிழகம் உணர்ந்தவற்றுள் பெரியது. அந்த மரபு வளர்ந்த இடங்கள் வேறு. 1897 ஜூன் 12 அன்று அசாமை உலுக்கிய மாபெரும் நிலநடுக்கம் ஷில்லாங்கின் கற்கட்டடங்களைத் தரைமட்டமாக்கிய பின், மரச் சட்டமும் நாணல் பாய்மேல் மண்ணோ சுண்ணமோ பூசிய மெல்லிய சுவரும் இலகுவான கூரையும் கொண்ட ‘அசாம் வகை’ வீடு அங்கே பரவியது. எடையைக் குறைத்தால் விசையும் குறையும் என்ற உண்மை அங்கே வழக்காறாகவே நிலைபெற்றது.

அந்த உண்மையைக் கணக்காக மாற்றியது இருபதாம் நூற்றாண்டு. 1908இல் இத்தாலியின் மெசினா நகரம் அழிந்தபோது, கட்டடத்தின் எடையில் குறிப்பிட்ட ஒரு பங்கைப் பக்கவாட்டு விசையாகக் கொண்டு வடிவமைக்க வேண்டும் என்று அந்நாட்டுப் பொறியாளர் குழு பரிந்துரைத்தது. இந்தியாவில் அதே சிந்தனையைக் களத்தில் நிறுவியவர், வடமேற்கு ரயில்வேயின் பொறியாளர் எஸ். எல். குமார். 1931இல் பலுசிஸ்தானில் மச் நகருக்கு அருகே ஏற்பட்ட நிலநடுக்கத்துக்குப் பின், குவெட்டாவில் ரயில்வே ஊழியர்களுக்கான குடியிருப்புகளை அவர் நிலநடுக்கத்தைத் தாங்கும் வகையில் வடிவமைத்தார். 1933இல் இந்தியாவின் முதல் நிலநடுக்க மண்டல வரைபடத்தையும் தயாரித்தார். 1935 மே 31 அன்று விடியுமுன் குவெட்டா நகரமே இடிந்து பல்லாயிரக்கணக்கானோர் மாண்டபோது, அவர் வடிவமைத்த வீடுகள் நின்றன. இந்தியப் பொறியியல் வரலாற்றில் இதற்கு இணையான நிரூபணம் வேறொன்றைக் காண்பது அரிது. 

விடுதலைக்குப் பின் இந்த அறிவு ரூர்க்கியில் வேரூன்றியது. ஜெய் கிருஷ்ணாவின் முயற்சியால் 1960இல் அங்கே நிலநடுக்கப் பொறியியலுக்கென்று தனிப் பள்ளி தொடங்கப்பட்டது, 1962இல் ஐ.எஸ். 1893 என்னும் இந்தியத் தரவிதி வெளிவந்தது. நாட்டை அபாய அளவின்படி மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொரு மண்டலத்துக்கும் எவ்வளவு பக்கவாட்டு விசையைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்று வகுப்பதே அதன் மையம். தீபகற்பம் பழைமையான கெட்டிப் பாறை, எனவே அசையாதது என்ற நம்பிக்கை அன்றைய வரைபடத்தில் படிந்திருந்தது. 1967 டிசம்பர் 11 அன்று மகாராஷ்டிரத்தின் கொய்னா அணைக்கு அருகே ஏற்பட்ட நிலநடுக்கம் அந்த நம்பிக்கையை முதலில் உடைத்தது. 1970இல் வரைபடம் திருத்தப்பட்டது. 1993 செப்டம்பர் 30 அன்று லாத்தூர் மாவட்டத்தின் கில்லாரி வட்டாரத்தில் ஏற்பட்ட நிலநடுக்கம் அந்த நம்பிக்கையை முற்றிலும் தகர்த்தது. மிகக் குறைந்த அபாயமுள்ள முதலாம் மண்டலம் என்று குறிக்கப்பட்டிருந்த அந்தப் பகுதியில், 6.2 அளவுள்ள நிலநடுக்கம் ஆயிரக்கணக்கான உயிர்களைப் பறித்தது.

கில்லாரியின் வீடுகள் தென்னாட்டுக் கிராமங்களுக்கு நேரடியான பாடமாகும். அங்கே சுவர்கள் கல்லால் ஆனவை, பருமனானவை, பார்வைக்குக் கோட்டைபோல் நின்றவை. ஆனால் அவை உண்மையில் இரண்டு தனிச் சுவர்கள். உட்பக்கம் ஒரு கல் அடுக்கு, வெளிப்பக்கம் ஒரு கல் அடுக்கு, நடுவே மண்ணும் சில்லுக் கல்லும். இரு முகங்களையும் ஊடுருவிப் பிணைக்கும் நீளக் கற்கள் போதிய அளவு வைக்கப்படாததால், குலுக்கலில் இரு அடுக்குகளும் பிரிந்து வெளிப்புறமாகப் பிதுங்கின. மேலே வெயிலுக்கு அடக்கமாகப் போட்டிருந்த கனத்த மண் கூரை உறங்கியவர்களின்மேல் இறங்கியது. இதே வீடுகளில் கதவு, சன்னல்களின் தலைமட்டத்தில் சுவர்களைச் சுற்றி ஒரு தொடர்ச்சியான வளையப் பட்டையும், இரண்டடிக்கு ஒரு பிணைப்புக் கல்லும் இருந்திருந்தால் பலர் பிழைத்திருப்பர் என்பதே பின்னர் நடந்த ஆய்வுகளின் சாரம்.

2001 ஜனவரி 26இல் பூஜ் நகரை அழித்த நிலநடுக்கம் நகர்ப்புறத்துக்கான பாடத்தைக் கற்பித்தது. மையத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த அகமதாபாத்தில், கீழ்த்தளத்தைக் கார் நிறுத்துவதற்காகச் சுவரில்லாமல் வெறும் தூண்களில் விட்டிருந்த அடுக்குமாடிகள் பல, மேல்தளங்கள் குலையாமலேயே, அந்தக் கீழ்த்தளம் மட்டும் நொறுங்கி உட்கார்ந்தன. அதே ஆண்டு செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக் கடலோரத்துக்கு அப்பால் 5.5 அளவில் ஏற்பட்ட அதிர்வு, சென்னை உள்ளிட்ட நகரங்களில் மக்களைத் தெருவுக்கு வரவழைத்தது. 2002இல் திருத்தப்பட்ட தரவிதி முதலாம் மண்டலத்தையே நீக்கி, அதை இரண்டாம் மண்டலத்துடன் சேர்த்தது. சென்னை இரண்டிலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது. சித்தன்னவாசல் அமைந்த புதுக்கோட்டை வட்டாரம் அந்த வரைபடத்தில் இரண்டாம் மண்டலத்தில் இருக்கிறது.

இரண்டாம் மண்டலம் என்பதன் பொருளை எண்ணால் விளக்கலாம். அந்த மண்டலத்தின் காரணி 0.10; அதைத் தரவிதியின் சூத்திரத்தில் இட்டால், சாதாரணக் கான்கிரீட் சட்டத்தால் ஆன 100 டன் எடையுள்ள குட்டையான வீடு ஒன்று ஏறத்தாழ 4 டன் பக்கவாட்டு விசையைத் தாங்கும்படி வடிவமைக்கப்பட வேண்டும். கம்பியே இல்லாத செங்கல் சுவர் வீட்டுக்கு அதே கணக்கு 8 டன்னுக்கும் மேல் போகிறது. நொறுங்காமல் வளைந்துகொடுக்கும் திறன் அத்தகைய சுவருக்கு இல்லை என்பதால், தரவிதி அதனிடம் அதிக வலிமையைக் கேட்கிறது. புதுக்கோட்டைச் சீமையின் பழைய வீடுகளில் பெரும்பாலானவை செம்புறாங்கல்லாலும் நாட்டுச் செங்கல்லாலும் கட்டப்பட்டவை என்பதால், இந்த இரண்டாவது கணக்கே அவற்றுக்குப் பொருந்தும்.

பழங்கோயில்களுக்கு இந்தச் சூத்திரம் அப்படியே பொருந்தாது. சாந்தில்லாத கல் அடுக்கு, சட்டம்போல் வளையாமல், ஹவுஸ்னர் விளக்கியபடி ஆடுவதும் நழுவுவதுமாக நடந்துகொள்ளும். எனவே சென்னை ஐ.ஐ.டி.யில் இயங்கும் மரபுக் கட்டமைப்புகளின் பாதுகாப்புக்கான தேசிய மையம் போன்ற நிறுவனங்கள் இவற்றுக்கெனத் தனி ஆய்வு முறைகளைக் கையாளுகின்றன. தரமணியில் உள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையத்தில், செயற்கையாகக் குலுக்கும் மேசைகளின்மேல் கட்டட மாதிரிகள் சோதிக்கப்படுகின்றன. திருப்பணி என்ற பெயரில் கல் இணைப்புகளில் சிமெண்டைத் திணிப்பது இந்தக் கோணத்தில் பெரும் தீங்கு. ஆடி அடங்க வேண்டிய இணைப்பை அது இறுக்கிவிடுகிறது. ஈரத்தைச் சிறைப்படுத்தி, உள்ளே இரும்புப் பட்டை இருந்தால் துருவேற்றி, கல்லையே பிளக்கிறது. குடுமியான்மலைத் தூண்களுக்கும் நார்த்தாமலை விமானத்துக்கும் வேண்டியவை சுண்ணச் சாந்தும், வேர் களைதலும், உத்திரங்களின் இருக்கை நீளத்தை அவ்வப்போது அளந்து பார்ப்பதுமே.

மக்கள் உறங்குவதோ கோயில்களில் அல்ல, வீடுகளில். அன்னவாசல், இலுப்பூர்ப் பக்கங்களில் இன்று எழும் வீடுகளில் பேஸ்மட்டத்தின்மேல் ஒரு கான்கிரீட் பெல்ட்டும், லிண்டல் மட்டத்தில் சுவர் முழுவதும் ஓடும் இன்னொரு பெல்ட்டும் போடும் வழக்கம் ஓரளவு பரவியிருப்பது நல்ல மாற்றம். செலவு மிச்சம் என்று சன்னல் தலைகளில் மட்டும் துண்டு துண்டாக லிண்டல் போடும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. பில்லர் கட்டும் வீடுகளில் கவனிக்க வேண்டியது கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங். ரிங்கின் முனைகளைச் செங்கோணமாக, அதாவது 90 பாகையில் மடக்கி விட்டால், குலுக்கலில் வெளிக் கான்கிரீட் உதிர்ந்தவுடன் அந்த முனைகள் விரிந்துகொள்ளும். ரிங் திறந்துவிட்டால் நெடுங்கம்பிகள் வெளியே வளைந்து, பில்லர் தன் எடையைத் தாங்காமல் நசுங்கும். முனைகளை 135 பாகைக்கு உள்நோக்கி மடக்கி, 65 மில்லிமீட்டருக்குக் குறையாத நீளத்தைக் கான்கிரீட்டின் நடுவுக்குள் விட்டால், வெளிக் கான்கிரீட் உதிர்ந்தாலும் ரிங் பிடியை விடாது. ஐ.எஸ். 13920 என்னும் தரவிதி இந்த மடக்கலை மூன்றாம் மண்டலம் முதல் கட்டாயமாக்குகிறது. இரண்டாம் மண்டலத்தில் கட்டாயமில்லை. லாத்தூரும் ஒருகாலத்தில் கட்டாயமில்லாத மண்டலத்தில்தான் இருந்தது என்பதை அறிந்த எந்தப் பொறியாளருக்கும், புதுக்கோட்டையில் இந்த விலக்கைப் பயன்படுத்திக்கொள்ள எந்த நியாயமும் இல்லை. கம்பி கட்டுபவர் அதே கம்பியை அதே மடக்குப் பலகையில் இன்னும் 45 பாகை கூடுதலாக மடக்க வேண்டும், அவ்வளவே. ஆனால் அது வரைபடத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும், கான்கிரீட் கொட்டுமுன் ஒருவர் குனிந்து பார்த்திருக்க வேண்டும்.